ஏழரை நிமிடமா, எட்டு விநாடியா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவகாரம் புரியட்டும். சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையே ஹாக்கிப் போட்டி. அரையிறுதி 2-2. எக்ஸ்ட்ரா டைம் வரும் என்று நம்பி நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, நடத்துபவர்கள் "ஷூட் அவுட், அஞ்சு பேர் பட்டியல் குடுங்க" என்று கேட்டுவிட்டார்கள். ஷூட் அவுட் என்றால் ஒவ்வொருவராக வந்து, எட்டு விநாடிக்குள் கோலி ஒருவரை மட்டும் தாண்டி கோல் போட முயல்வது. உங்கள் பி.டி. சார் சத்தம் போட்டார். எதிரணி பி.டி. சார் "உலகக் கோப்பையிலேயே எக்ஸ்ட்ரா டைமை எடுத்தாச்சு, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்றார். ஷூட் அவுட்டில் தோற்றீர்கள். போதாக்குறைக்கு, மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்திருந்த எதிரணிப் பையன் எழுந்து வந்து ஷூட் அவுட் அடித்தான். இதெல்லாம் சரியா? அமெரிக்கக் கல்லூரிகளில் கோல் விழும்வரை ஆடுகிறார்களாமே, நமக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்? இவ்வளவுதானே கேட்டீர்கள்.

எதிரணி சார் சொன்ன தகவல் சரி. ஆனால் உங்கள் அரையிறுதிக்கு அது பதில் ஆகாது. உலகக் கோப்பையில் என்ன நடக்கிறது என்பது வேறு, உங்கள் போட்டிக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பது வேறு. முப்பது வருஷம் விசில் ஊதியும் மேசையில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். இந்தச் சண்டை வந்த இடத்திலெல்லாம் இரண்டு பக்கமும் "ரூல்ல இருக்கு, ரூல்ல இருக்கு" என்றுதான் கத்தியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ரூலில் அது இல்லவே இல்லை.

ஹாக்கி விதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதிக கோல் போட்ட அணி வெற்றி, சமமாக இருந்தால் டிரா. அதோடு முடிந்தது. டிரா ஆன பிறகு வெற்றியாளரைக் கண்டுபிடிக்க என்ன செய்வது என்பதை விதிப் புத்தகம் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. அது போட்டி நடத்துவதற்கான ஒழுங்குமுறையில், தனி ஏட்டில் இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பு தன் போட்டிகளுக்கு எழுதி வைத்திருக்கும் ஏடு அது. உங்கள் கல்லூரிப் போட்டி அதை ஏற்றுக்கொண்டால் அது உங்களையும் கட்டுப்படுத்தும். ஏற்றுக்கொண்டதாக எங்கே சொன்னார்கள்? அங்கேதான் முடிச்சு விழுகிறது.

நம் ஊர்ப் போட்டிகளுக்கு வரும் சர்க்குலரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே கல்லூரி முத்திரை, ஜெராக்ஸில் பாதி அழிந்திருக்கும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், பயணப்படி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு, அதுவும் ஓர் அணிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூப்பன் கிடையாது என்று விலாவாரியாக இருக்கும். கடைசியில் ஒரு வரி: "போட்டிகள் சர்வதேச ஹாக்கி விதிகளின்படி நடைபெறும். நடுவரின் தீர்ப்பே இறுதியானது." சாப்பாட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட டிரா ஆன ஆட்டத்துக்குக் கிடைக்காது. விதிகளின்படி என்று மட்டும் போட்டால், கறாராகப் பார்த்தால், அரையிறுதி டிராவோடு நிற்கிறது. அப்புறம் மைதானத்தில் யார் குரல் பெரிதோ அவர்கள் சொன்னது நடக்கும்.

நானும் இதில் குற்றவாளிதான். பல வருஷத்துக்கு முன் ஏற்காட்டில் ஒரு போட்டிக்கு அம்பயராகப் போயிருந்தேன். மலைமேல் நாலரை மணிக்கு மேல் பனி எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஆட்டம் 1-1. சர்க்குலரை நான் படித்திருக்கவில்லை. வழக்கம்தானே என்று எக்ஸ்ட்ரா டைமுக்கு விசில் கொடுத்துவிட்டேன். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, எதிர்ப்பக்க கோல் கம்பம் காணாமல் போய்விட்டது. பந்து கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வட்டத்துக்குள் போனதும் சத்தம் மட்டும்தான் வருகிறது, பேடில் பட்டதா பலகையில் பட்டதா என்று தெரியவில்லை. நிறுத்தினேன். மறுநாள் வைக்கலாம் என்றால் ஓர் அணிக்கு மறுநாள் செமஸ்டர் தேர்வு. பெனால்டி ஸ்ட்ரோக் (கோலிக்கு எதிரே வைத்த பந்தை ஒரே தட்டில் கோலுக்குள் அனுப்புவது) அடிக்கலாம் என்றால் கோலிக்குக் கண் தெரிய வேண்டுமே. கீழே போகும் கடைசிப் பஸ் நேரம் வேறு. நடத்தியவர்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார்கள். "ஹெட்" சொன்ன கேப்டன் தோற்றான். அதே பஸ்ஸில்தான் நானும் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அவன் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில், மட்டையை முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவான்? அதற்குப் பிறகு சர்க்குலரைப் படிக்காமல் நான் விசிலைத் தொட்டதில்லை.

சரி, எக்ஸ்ட்ரா டைம் கதைக்கு வருவோம். உங்கள் சார் காலத்தில் ஹாக்கி 35 நிமிடப் பாதிகள் இரண்டு. டிரா ஆனால் ஏழரை நிமிடம் வீதம் இரண்டு பாதி கூடுதலாக ஆடுவார்கள். யார் முதல் கோல் போட்டாலும் அங்கேயே ஆட்டம் முடிந்தது, கோல்டன் கோல். அதிலும் விழவில்லை என்றால் பெனால்டி ஸ்ட்ரோக். நாங்கள் இதை "ஏழரை பிடிச்சிருச்சு" என்றே சொல்வோம். சனி பகவானுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. முதல் ஏழரையில் ஒருவனும் முன்னே போகமாட்டான், ஒரு தவறு நடந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லாரும் பின்னால் நிற்பார்கள். இரண்டாவது ஏழரையில் போக நினைத்தாலும் கால் வராது.

இந்தியாவுக்கே அந்த ஏழரை ஒரு தடவை வாய்ப்புக் கொடுத்துக் கைவிட்டது. 1973 உலகக் கோப்பை இறுதி, நெதர்லாந்தில் ஆம்ஸ்டல்வீன். 2-0 என்று முன்னால் இருந்த இந்தியாவை நெதர்லாந்து 2-2 என்று பிடித்தது. கூடுதல் நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. உள்ளே போயிருந்தால் கோப்பை. போகவில்லை. பிறகு ஸ்ட்ரோக் வரிசையில் 4-2 என்று நெதர்லாந்து எடுத்துக்கொண்டது. அதே ஸ்ட்ரோக் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் நமக்குக் கைகொடுத்தது. தென் கொரியாவோடு 1-1, ஸ்ட்ரோக்கில் 4-2. கேப்டன் நம் தன்ராஜ் பிள்ளை, கோலி ஆஷிஷ் பல்லால். 1966-க்குப் பிறகு வந்த முதல் ஆசியத் தங்கம் அது. உங்கள் சாருக்கு எக்ஸ்ட்ரா டைம் மேல் ஏன் இவ்வளவு பாசம் என்றால், அவர் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்.

பிறகு ஸ்ட்ரோக் போய் ஷூட் அவுட் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எக்ஸ்ட்ரா டைமும் இருந்தது, ஷூட் அவுட்டும் இருந்தது. பெண்கள் அரையிறுதியில் நெதர்லாந்தும் நியூசிலாந்தும் 2-2 என்று முடித்து, கூடுதல் நேரமும் ஆடி, அப்புறம்தான் ஷூட் அவுட்டுக்குப் போனார்கள். 2016 ரியோவில் அந்த நடுப்படி இல்லை. பெண்கள் இறுதி பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் 3-3, நேராக ஷூட் அவுட், பிரிட்டன் 2-0. அதன் பிறகு பெரிய ஆட்டம் எதைப் பார்த்தாலும் இதே வழிதான். 2018, 2023 என்று இரண்டு ஆண்கள் உலகக் கோப்பை இறுதிகள் அடுத்தடுத்துப் புவனேஸ்வரில் நடந்தன. இரண்டுமே ஷூட் அவுட். 2024 பாரிஸ் காலிறுதியில் 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கிப் போக, பத்துப் பேரோடு 1-1 என்று பிரிட்டனைத் தாங்கிப் பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று நாம் வென்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்துக்கு எக்ஸ்ட்ரா டைம் இருந்திருந்தால் பத்துப் பேர் இன்னும் பதினைந்து நிமிடம் ஓடியிருக்க வேண்டும். உங்கள் சாரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று.

அமெரிக்கா விஷயம். அங்கே கல்லூரி ஹாக்கி என்றால் முதலில் ஐஸ் ஹாக்கிதான் நினைவுக்கு வரும். நீங்கள் கேள்விப்பட்டது அதை. தேசியப் பட்டத்துக்கான நாக் அவுட்டில் முழு அணியோடு 20 நிமிடம் 20 நிமிடமாக, கோல் விழும்வரை ஆடுகிறார்கள் என்பது உண்மை. 2015 மார்ச்சில் ஒரு லீக்கின் நாக் அவுட் முதல் சுற்றுத் தொடரில் மாசசூசெட்ஸ் அணியும் நோட்ர டாம் அணியும் ஐந்தாவது கூடுதல் நேரம்வரை போய், மொத்தம் 151 நிமிடம் 42 விநாடி ஆடின. வழக்கமான ஆட்டமே 60 நிமிடம்தான். மாசசூசெட்ஸ் 4-3.

ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் அப்படி இல்லை. வழக்கமான சீசன் ஆட்டம் டிரா ஆனால் ஐந்து நிமிடம், கோலி போக அணிக்கு மூன்று பேர் மட்டும். அதில் வென்றாலும் தேசிய தரவரிசையில் முழு வெற்றியின் மதிப்பு கிடையாது, குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். நமக்கு நெருக்கமான தகராறு அங்கே சீசனுக்கு நடுவில் வரும் ஊர்க் கோப்பைகளில்தான் வருகிறது. பாஸ்டன் பகுதியின் நான்கு கல்லூரிகள் பிப்ரவரி மாதம் ஆடும் பீன்பாட் என்று ஒரு கோப்பை. ஊரே திரளும். 2023 இறுதி 2-2 என்று நிற்க, நார்த்ஈஸ்டர்ன் ஹார்வர்டை ஷூட் அவுட்டில் வென்றது. கோப்பையைத் தூக்கியது நார்த்ஈஸ்டர்ன். தேசியக் கணக்கில் அதே ஆட்டம் டிரா! ஷூட் அவுட் முடிவை அங்கே வெற்றி தோல்வியாக எடுப்பதில்லை. ஊர்க் கோப்பைக்கு ஒரு கணக்கு, தேசியத்துக்கு ஒரு கணக்கு. இவ்வளவு பெரிய கோப்பையை இப்படி முடிக்கலாமா, கோல் விழும்வரை விட்டிருக்கக் கூடாதா என்று அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் எந்த வழியில் முடியும் என்பது பற்றி மைதானத்தில் யாரும் சண்டை போடவில்லை, அது முன்பே எழுதப்பட்டிருந்தது.

நம் ஹாக்கியும், அதாவது புல்லில் ஆடும் ஹாக்கியும், அங்கே கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் உண்டு. அவர்கள் வழி எனக்குப் பிடிக்கும். டிரா ஆனால் அணிக்குப் பதினொரு பேரை ஏழாகக் குறைத்து, பத்து நிமிடம் கோல்டன் கோல், தேவைப்பட்டால் இன்னொரு பத்து. ஆள் குறைந்தால் மைதானம் திறந்துகொள்ளும், பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அதிலும் முடியாவிட்டால் ஷூட் அவுட். 2023 தேசிய இறுதியில் நார்த் கரோலினாவும் நார்த்வெஸ்டர்னும் இரண்டு பத்தையும் ஆடித் தீர்த்து ஷூட் அவுட்டில்தான் முடித்தன, நார்த் கரோலினா வென்றது.

இதைச் சேலத்துக்கு அப்படியே கொண்டுவரலாமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. நம் போட்டிகள் மூன்று நாளில் முடிகிற போட்டிகள். காலை ஏழரைக்கு ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம், மறுநாள் இறுதி. மார்ச் மாதச் சேலத்து வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் தரையில் மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது. அரையிறுதியில் கூடுதலாக இருபது நிமிடம் ஓடிய அணி மறுநாள் இறுதியில் பாதி உயிரோடு நிற்கும். எதிரே ஓய்வெடுத்து வந்த அணி. இது நியாயமா? அதனால் அரையிறுதிவரை நேராக ஷூட் அவுட், இறுதிக்கு மட்டும் ஏழு பேர் ஆட்டம், இதுதான் என் கட்சி. இறுதிக்குப் பிறகு சேமித்து வைக்க ஒன்றுமில்லை, கால் போனால் போகட்டும்.

ஷூட் அவுட்டும் மண் தரைக்கு ஏற்றதல்ல என்று சிலர் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. 23 மீட்டர் கோட்டில் பந்து, எட்டு விநாடி, எதிரே கோலி ஒருவர் மட்டும். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், பந்து மட்டையோடு ஒட்டி வரும். நம் தரையில் கூழாங்கல் ஒன்று தட்டினால் பந்து முழங்கால் உயரம் எழும்பும், அதை அடக்கவே இரண்டு விநாடி போய்விடும். மண் தரையில் கோலிக்குச் சாதகம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல் இரண்டு அணிக்கும் ஒரே கல்தானே. நான் பயப்படுவது கல்லுக்கு அல்ல, கடிகாரத்துக்கு.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு, பெண்கள் அரையிறுதி, இந்தியா ஆஸ்திரேலியா 1-1. ஷூட் அவுட்டின் முதல் முயற்சியை நம் கோலி சவிதா தடுத்துவிட்டார். பார்த்தால், எட்டு விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லையாம். திரும்ப அடிக்கச் சொன்னார்கள், இந்த முறை கோல். அதோடு நம் பிள்ளைகளின் மனசு உடைந்தது, 3-0 என்று முடிந்தது. பிறகு சர்வதேசக் கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்டது. அத்தனை காமிரா, அத்தனை அதிகாரிகள் இருந்த இடத்திலேயே இப்படி. நம் மேசையில் எட்டு விநாடியை யார் பார்க்கிறார்கள்? தன் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். அதற்கிடையில் அவன் அம்மா போன் செய்வாள். இது ஜோக் இல்லை, நான் மேசையில் இருந்தபோது நடந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடிகாரத்துக்குத் தனியாக ஓர் ஆள், கையில் கடையில் வாங்கிய ஸ்டாப்வாட்ச், வாயில் விசில். அவர் ஸ்கோர் எழுதக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது. அவர் கை தூக்கினால்தான் அம்பயர் விசில் கொடுக்க வேண்டும்.

நீங்கள் இப்போது புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் சர்க்குலரைத் தேடி எடுங்கள். அதில் "டிரா ஆனால் கூடுதல் நேரம்" என்று இருந்திருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. "ஷூட் அவுட்" என்று இருந்தால் பேச்சே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் மேனேஜர்ஸ் மீட்டிங்கில் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். அன்று உங்கள் அணியிலிருந்து யாராவது போனீர்களா? பல கல்லூரிகளில் அந்த மீட்டிங்குக்கு யாரையும் அனுப்புவதில்லை, அல்லது போகிறவர் ஜெர்சி நிறத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பிவிடுவார். இன்னொன்று, ஆட்டம் முடிந்து உங்கள் கேப்டன் ஸ்கோர் ஷீட்டில் மறுப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. புரொடெஸ்ட் என்பது எழுத்தில், கட்டணத்தோடு, சர்க்குலரில் சொன்ன நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது. மைதானத்தில் போட்ட சத்தம் கணக்கில் வராது.

அடுத்த வருஷம் உங்கள் கல்லூரியே போட்டி நடத்தினால், நான் எழுதிக் கொடுக்கும் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: "நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் இல்லை. அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு எட்டு விநாடி, ஷூட் அவுட். அதுவும் சமம் என்றால் அதே ஐந்து பேர் சடன் டெத், அதாவது ஆளுக்கொரு முயற்சி முடிந்ததும் முந்தி நிற்கும் அணி வெற்றி. முதல் வரிசையில் இரண்டாவதாக அடித்த அணி இதில் முதலில் அடிக்கும். வெளிச்சமோ மழையோ தடுத்தால் மறுநாள் காலை முதல் ஆட்டத்துக்கு முன் ஷூட் அவுட் தொடரும். டாஸ் கிடையாது." அந்தக் கடைசி இரண்டு சொல் ஏற்காட்டுப் பையனுக்காக. ஒவ்வொரு பி.டி. சாரிடமும் இதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது அந்த மஞ்சள் அட்டைப் பையன். சர்வதேச ஒழுங்குமுறைப்படி, பச்சையோ மஞ்சளோ வாங்கியவர் தன் தண்டனை நேரம் முடியாமல் இருந்தாலும் ஷூட் அவுட் அடிக்கலாம். சிவப்பு வாங்கியவர்தான் அடிக்க முடியாது. உங்கள் போட்டி அந்த ஒழுங்குமுறையை எடுத்துக்கொண்டிருந்தால், அவன் அடித்தது செல்லும். வெளியே உட்கார்ந்து நாலு நிமிடம் மூச்சு வாங்கியவனை முதல் ஆளாக அனுப்பிய எதிரணி சார் கெட்டிக்காரர்தான், அதை மட்டும் உங்கள் சாரிடம் சொல்லிவிடாதீர்கள்.